ஆந்தமலைப் பீலி உலகப் புகழ் பெற்ற வரலாறு

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலை கொய்து, தேயிலைத் தூளையே மூன்று வேளையும் கொதிக்கவைத்துக் குடித்துவரும் மக்களுக்குத் தேநீர் குடிக்கவே தெரியாது என்னும் மகத்தான உண்மை, நூற்றைம்பது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதைக் கண்டுபிடித்த பெருமை ஆந்தமலைத் தோட்டத்தை நடத்தும் கம்பெனியையே சேரும். கண்டுபிடித்த இடம், கொழும்பில் குளிரூட்டிய ஓர் அறை. கண்டுபிடித்த நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மனிதகுலத்தைப் பற்றிய பெரிய உண்மைகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தட்டுப்படுகின்றன.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, முக்கால் மணி நேரம் ஆட்டோவில் முதுகெலும்பைப் பறிகொடுத்தால் ஆந்தமலை வரும். அங்கே ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் வேளையில், கண்டாக்கு ஜெயகாந்தன் ஒரு சுற்றறிக்கையோடு வந்து நின்றார். மலையில் வேலையை மேற்பார்வை செய்வது கண்டாக்கின் உத்தியோகம். ஆனால் ஜெயகாந்தனின் கையில் ஒரு காகிதம் கிடைத்துவிட்டால் மலையாவது, கொழுந்தாவது!

தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: “‘சீனக் கறுப்புத் தேநீரின் சுவையறிதலும் அதன்மீது வடித்தல் முறை செலுத்தும் தாக்கமும்: ஓர் உயர்மட்ட அமர்வு.’ எல்லாருக்கும் வெளங்குச்சா?”

“வெளங்கலங்க,” என்றார்கள் முப்பது பெண்கள்.

“நல்லது. வெளங்காதவங்கல்லாம் மலைக்குப் போங்க. நாகலெட்சுமி மட்டும் நில்லு. ஒன்னைய ‘திரவ உதவியாளரா’ நியமிச்சிருக்காங்க.”

“அப்புடீன்னா என்னாங்கய்யா?”

“தண்ணி கொதிக்க வைக்கணும். கோப்பை கழுவணும்.”

தொழிற்சாலை மாடியில் கம்பெனி ஒரு ‘தேநீர் அனுபவ நிலையம்’ திறக்கப்போகிறது. சீனப் பாணியில் தேயிலை செய்து, வெளிநாட்டாரை வரவழைத்து, அனுபவிக்க வைக்கப்போகிறது. அதற்கு முன்னால் அசல் சீனத் தேநீர் எப்படியிருக்கும் என்று மேலிடம் ஒரு தடவை அனுபவித்துப் பார்த்துவிட வேண்டாமா? அதற்குத்தான் அமர்வு. கொழும்பிலிருந்து டிரெக்டர் அம்மாவே வருகிறாராம்.

ஆனால் நாகலெட்சுமியின் மனதில் அப்போது சீனா இல்லை. பீலிதான் இருந்தது. மேல்மலை ஊற்றிலிருந்து பழைய இரும்புக் குழாய் வழியாக வந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கோடியில் விழுகிற தண்ணீருக்குத்தான் பீலி என்று பெயர். இருபத்திரண்டு குடும்பங்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும் அது ஒன்றுதான். குழாய் துருவேறி மூன்று இடத்தில் ஓட்டை. மழை பெய்தால் மேலேயுள்ள மரக்கறித் தோட்டங்களின் பூச்சிமருந்து அந்த ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கிவிடும். பக்கத்து வீடான காம்பராவில் இருக்கும் சுதர்ஷினியின் கைக்குழந்தையை வயிற்றுப்போக்கோடு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நாகலெட்சுமிதான். இரண்டாவது தடவை குழந்தை கண் திறக்கவே ஒன்றரை நாள் ஆயிற்று. அந்த ஒன்றரை நாள் அவளுக்கு இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

புதுக் குழாய்கள் வராமலும் இல்லை. அரசாங்கத் திட்டமொன்றில் வந்து, இரண்டு வருடமாக மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. கம்பெனி மண்ணில் குழாய் பதிக்கச் சம்மதம் என்று தோட்ட நிர்வாகியான பெரிய தொரை ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. நாகலெட்சுமி ஆறு தடவை ஆபீஸ் வாசலில் போய் நின்று கேட்டாள்.

“தண்ணி நல்லது. ரிப்போட் இருக்கு. என்ன கரச்சல்?” என்றார் பெரிய தொரை.

ஆறு தடவையும் அதே பதில். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. இப்படி உறுதி படைத்த நிர்வாகிகளால்தான் தோட்டங்கள் இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அமர்வுக்கு முதல் நாள் ஆலோசகர் கஜேந்திரன் வந்து இறங்கினார். சீனாவில் பதினொரு நாள் தங்கித் தேநீரைக் கரைத்துக் குடித்தவர். அதில் நான்கு நாள் காய்ச்சலில் படுத்திருந்தார் என்பதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்ளவும் செய்தார். மூன்று பொட்டலம் தேயிலை, மூடி போட்ட வெள்ளைக் கிண்ணம், வெப்பமானி, விநாடி காட்டும் கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு பெரிய போத்தல் தண்ணீர் ஆகியவை அவரோடு வந்தன.

“தண்ணியுமாங்கய்யா கொழும்புலேருந்து?” என்று கேட்டுவிட்டாள் நாகலெட்சுமி.

கஜேந்திரன் கண்ணை மூடித் திறந்தார். “அம்மா, தேநீர்ல நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பங்கு தண்ணிதான். எல்லாரும் இலையப் பத்திப் பேசுவாங்க, நான் தண்ணியப் பத்திப் பேசுவேன். கெட்ட தண்ணில வடிச்ச தேநீர ஒரு சொட்டு என் நாக்குல வைங்க. துப்பிட்டு, அது எந்த மலைக் கெட்ட தண்ணின்னு சொல்லிடுவேன்.”

“ஒரு சொட்டுலேயாங்க?”

“அரைச் சொட்டு போதும்.”

அந்த அரைச் சொட்டு நாகலெட்சுமியின் மனதில் எங்கோ போய் விழுந்துவிட்டது.

தொழிற்சாலை மாடியில் ஒத்திகை தொடங்கியது. தண்ணீரை நூறு பாகைக்குக் கொதிக்கவைத்து, பிறகு தொண்ணூற்றைந்துக்கு ஆறவிட வேண்டும் என்பது ஆலோசகரின் கட்டளை. கொழும்புத் தண்ணீரோடு கேத்தல் கொதித்தது. வெப்பமானி தொண்ணூற்றைந்தில் நின்றது. கால் மணி நேரம் கழித்தும் தொண்ணூற்றைந்து. ஆலோசகர் வெப்பமானியைத் தட்டினார், உதறினார், துடைத்தார்.

“கருவி பழுது,” என்றார்.

ஜெயகாந்தன் கீழே ஓடிப்போய்த் தொழிற்சாலையிலிருந்து வேறொரு வெப்பமானி கொண்டுவந்தார். அதுவும் தொண்ணூற்றைந்து என்றது.

“ரெண்டும் பழுது.”

“இல்லீங்கய்யா,” என்றாள் நாகலெட்சுமி. “இந்த ஒசரத்துல தண்ணி இவ்வளவுதாங்க கொதிக்கும். பருப்பு வேக வச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும்.”

ஆலோசகர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். மேலும் அரை மணி நேரம் கொதிக்கவிட்டார். கேத்தலில் பாதி ஆவியாகிப் போனபின், ‘ஆந்தமலையில் தண்ணீர் தன்னடக்கத்தோடு கொதிக்கிறது’ என்று குறிப்பேட்டில் எழுதி, அந்த ஆராய்ச்சியை முடித்துவைத்தார்.

முதலில் கீமுன் என்ற தேயிலை. மெல்லிய கறுப்பு இலை. கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி, பத்தே விநாடியில் வடித்தார். பிறகு அதே இலையில் மறுபடி ஊற்றி இருபது விநாடி. அதன்பின் கைப்பேசியில் பேசப் போனவர் ஐந்து நிமிடம் அப்படியே ஊறவிட்டுவிட்டார். ஒவ்வோர் ஊற்றிலும் மிஞ்சியதைக் கழுவுமுன் நாகலெட்சுமி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். சீனி இல்லை, பால் இல்லை, இஞ்சி இல்லை. இதில் என்ன இருந்துவிடப்போகிறது என்ற ஏளனத்தோடுதான் வாயில் வைத்தாள்.

அருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்? இருபத்தாறு வருடமாகத் தன் கையால் பறித்த கொழுந்துக்குள்ளும் இப்படியொரு வாசம் இருந்திருக்குமோ, தன் வீட்டுக்கு வரும் தூளில் மட்டும் அது வராமல் போய்விட்டதோ என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

“எப்படியிருக்கு? சும்மா சொல்லுங்க,” என்றார் கஜேந்திரன், பேனாவைத் திறந்துகொண்டே.

“மொத ஊத்துல பூ வாசங்க. ரெண்டாவதுல கொக்கோ. அஞ்சு நிமிசம் மறந்து வச்சீங்களே, அது பேதிக் கசாயம்.”

“அப்ப இது, யுன்னான் தேயிலை?”

“வத்தாளங்கெழங்கு சுட்டாப்புல. அடியில கொஞ்சம் தேன். கொதிக்கக் கொதிக்க ஊத்தாம செத்த ஆறவிட்டு ஊத்துனா தேன் இன்னும் தூக்குமுங்க.”

மூன்றாவது லப்சாங். பைன் விறகின் புகையில் காயவைத்த தேயிலை. நாகலெட்சுமி ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள். “இதுக்கு ஏங்கய்யா சீனாவுக்குப் போகணும்? எங்க அடுப்படியில ஒரு மணி நேரம் ஒக்காந்தா சீலையே இப்புடித்தான் மணக்கும்.”

எல்லாவற்றையும் கஜேந்திரன் எழுதிக்கொண்டார். கடைசியில் சொன்னதை மட்டும் அடித்துவிட்டு, ‘குடும்ப வெப்பத்தின் நினைவு’ என்று திருத்தினார். அன்று மூன்று தேநீரையும் அவர் விழுங்கத்தான் செய்தார். ஆள் பார்க்காத இடத்தில் அறிஞர்களும் விழுங்குவார்கள்.

மறுநாள் விடிந்ததும் நாகலெட்சுமியும் சுதர்ஷினியும் தலையில் ஆளுக்கொரு கேனோடு தொழிற்சாலை மாடிக்கு ஏறினார்கள். கேன்களில் பீலித் தண்ணீர். பழைய சீலைத் துணியில் மூன்று தடவை வடிகட்டியும் லேசாக மஞ்சள் பூத்திருந்தது.

“அக்கா, தெரிஞ்சா வேலய விட்டு நிப்பாட்டிருவாங்க,” என்றாள் சுதர்ஷினி.

“தெரியணுமுன்னுதானே புள்ள செய்யிறோம்! அந்த ஐயா அரைச் சொட்டுல கண்டுபுடிப்பாரு. தொர முன்னுக்குத் துப்புவாரு. தொரையும் குடிச்சுப்புட்டுத் துப்புவாரு. அப்பறம் எந்த வாயால தண்ணி நல்லதுன்னு சொல்லுவாரு? இன்னைக்கே கையெழுத்து வாங்கிருவேன் பாரு.”

கொழும்புத் தண்ணீர் கேன்களில் ஏறி, கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்குப் போயிற்று. பீலித் தண்ணீர் போத்தல்களில் இறங்கிக் கொழும்புத் தண்ணீர் ஆயிற்று.

பத்து மணிக்கு அமர்வு. வெள்ளை மேசை விரிப்பு. டிரெக்டர் அம்மா, பெரிய தொரை, பெயர் அட்டை குத்திய உத்தியோகத்தர்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு வெண்கலக் கிண்ணம். அந்தக் கிண்ணம் எதற்கென்று நாகலெட்சுமிக்குத் தெரியவில்லை. கஜேந்திரன் எழுந்து, பூவாசம், கொக்கோ, சுட்ட வத்தாளங்கிழங்கு, அடியில் தேன் என்று மனம் உருகப் பேசினார். தான் சொன்னதெல்லாம் இவ்வளவு பெரிய விஷயமா என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

கீமுனில் தண்ணீர் விழுந்தது. நேற்றுச் செம்பொன்னாக வடிந்த அதே தேயிலை இன்று எழுதுகிற மை போலக் கறுத்து வடிந்தது. இரும்புத் தண்ணீரில் போட்ட தேயிலைச் சாயம் அப்படித்தான் கறுக்கும், லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கோப்பையின்மேல் ஓர் ஏடு மினுமினுத்தது.

கஜேந்திரன் கோப்பையைப் பார்த்தார். கோப்பை கஜேந்திரனைப் பார்த்தது. சர்ரென்று ஒரு வாய் உறிஞ்சினார். கன்னத்தை இப்படியும் அப்படியும் அசைத்தார். கிண்ணத்தில் துப்பினார். டிரெக்டர் அம்மா உறிஞ்சித் துப்பினார். பெரிய தொரை துப்பினார். ஐந்து உத்தியோகத்தர்களும் வரிசை தவறாமல் துப்பினார்கள்.

“ஆத்தா!” என்று நாகலெட்சுமி பக்கத்தில் நின்ற ஜெயகாந்தனின் கையையே பிடித்துவிட்டாள். “துப்பிட்டாங்கய்யா! எல்லாருமே துப்பிட்டாங்க!”

“சத்தம் போடாத. அது மொற,” என்று ஜெயகாந்தன் கிசுகிசுத்தார். “டேஸ்ட் பண்றவங்க எதையும் முழுங்க மாட்டாங்க. நல்லதா இருந்தாலும் துப்பத்தான் செய்வாங்க.”

இருபத்தாறு வருடம் தோட்டத்தில் வேலை செய்தும் அவள் இந்த மாடிக்கு நேற்றுத்தான் முதல் தடவையாக ஏறியிருந்தாள். நல்லதையும் துப்புகிற மனிதர்கள் உண்டென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எல்லோரும் ஆலோசகரின் வாயையே பார்த்தார்கள். அவர் வாய் ஒரு கணம் கோணியது. கெட்ட தண்ணீர் என்று சொன்னால் அது அவரே கொண்டுவந்த தண்ணீர். அறிவு என்பது இப்படிப்பட்ட நெருக்கடியில்தான் ஒளி வீசும்.

“அற்புதம்,” என்றார். “முன்வரிசையில் இரும்பின் கம்பீரம். நடுவில் ஈரமண். முடிவில், எப்படிச் சொல்வது, மிகப் பழமையான ஏதோ ஒன்று.”

“எனக்கும் அந்தப் பழமை தெரிஞ்சது,” என்றார் டிரெக்டர் அம்மா.

“எனக்கும் கம்பீரம் தெரிஞ்சது,” என்றார் பெரிய தொரை.

உத்தியோகத்தர்கள் ஐவரும் தமக்கு இரண்டும் தெரிந்ததாகப் பணிவோடு தெரிவித்தார்கள்.

அதற்குமேல் நாகலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று முன்னால் வந்தாள்.

“சலாமுங்க. அது கொழும்புத் தண்ணி இல்லீங்க. எங்க லயத்துப் பீலித் தண்ணி. நாந்தான் மாத்தி ஊத்துனேன். அந்த இரும்பு வாசம், கொழாய் துருவுங்க. ஈரமண்ணு, கொழாய் ஒடஞ்ச எடம். மழ பேஞ்சா மரக்கறித் தோட்டத்து மருந்தெல்லாம் அதுலதாங்க எறங்குது. எங்க பக்கத்துக் காம்பராப் புள்ளையோட கொழந்த ரெண்டு தரம் செத்துப் பொழச்சுச்சு. ஒரு கையெழுத்துக்கு ரெண்டு வருசமா நிக்கிறோமுங்க.”

பெரிய தொரையின் காது சிவந்தது. டிரெக்டர் அம்மா மெல்ல எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நாகலெட்சுமிக்கும் கலங்கிவிட்டது.

“அப்ப இது நம்ம தண்ணியா?” என்றார் டிரெக்டர் அம்மா. “நம்ம தோட்டத்துலயே இருக்கிற தண்ணியா?”

“அதைத்தான் மேடம் நான் ஆரம்பத்துல இருந்தே சொல்ல வந்தேன்!” என்று துள்ளி எழுந்தார் கஜேந்திரன். “இது சீனாவுலயும் இல்ல. இந்த மண் பேசுது, மேடம்!” அவர் பேனா பறந்தது. துரு என்பதற்கு நேரே ‘தாதுச் செறிவு’. பூச்சிமருந்து என்பதற்கு நேரே ‘தோட்டப் பசுமையின் மெல்லிய சாயல்’. “அம்மா, அந்த ஒடஞ்ச எடம் எத்தன? மூணா? மூணையும் அப்படியே வச்சிருக்கணும். ஒண்ண அடச்சாலும் சுவையோட சமநிலை போயிடும்.”

நாகலெட்சுமியின் வேலை போகவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஒரு குடையும் ‘நீர்வளத் தூதுவர்’ என்று அச்சிட்ட சான்றிதழும் வழங்கி, கைதட்டி, படம் பிடித்தார்கள். படத்தில் அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பத்து நாளில் அவளுடைய ஆறு விண்ணப்பங்களுக்கும் சேர்த்து ஒரே பதில், எழுத்தில், கம்பெனி முத்திரையோடு வந்தது. பெரட்டில் ஜெயகாந்தன் வாசித்தார்: “‘மேற்படி பீலியின் நீரானது சர்வதேசத் தரம் வாய்ந்த சுவை வளமாக இனங்காணப்பட்டுள்ளதால், அதன் குழாயையோ, குழாயிலுள்ள துருவையோ, துருவின் அளவையோ மாற்றுவதற்குச் சம்மதம் வழங்க முடியாமையை நிர்வாகம் பெருமையுடன் அறியத்தருகின்றது.’”

“‘பெருமையுடன்’னா போட்டிருக்காங்க?” என்று கேட்டாள் நாகலெட்சுமி.

“ஆமா. ‘வருத்தத்துடன்’னு மொதல்ல அடிச்சு, பேனாவால வெட்டியிருக்காங்க.”

பீலி அடுத்த மாதமே பார்வையிடும் இடம் ஆயிற்று. கோயில் பக்கத்தில் கிடந்த புதுக் குழாய்களைத் துண்டு போட்டு, பீலியைச் சுற்றி அழகாக வேலி நட்டார்கள். லயத்துப் பெண்கள் குடம் வைக்க, விருந்தினர் வராத நேரமாகப் பார்த்துக் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் ஒதுக்கித் தந்தார்கள். மும்மொழியில் ஒரு பலகையும் வந்தது. சிங்களத்தில் எழுதி, தமிழில் எழுதி, இங்கிலீஷில் எழுதி, மூன்றுக்கும் சரிசமமாக இடம் கொடுத்திருந்தார்கள். மொழி உரிமையில் கம்பெனி ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை நாகலெட்சுமி குடம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, நேரம் பாராமல் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து சேர்ந்தார்கள். ஜெயகாந்தன்தான் கூட்டி வந்திருந்தார். அந்த மனிதர் ஆசையாகக் கையை ஏந்தி ஒரு வாய் பிடித்தார். பலகையை வாசித்துக்கொண்டிருந்த அவர் மனைவி அலறியடித்து ஓடிவந்து, அவர் கையைத் தட்டிவிட்டார். தண்ணீர் தரையில் சிந்தியது. அந்தம்மா தன் பையிலிருந்து போத்தலை எடுத்து அவர் கையைக் கழுவிவிட்டார்.

நாகலெட்சுமி நிமிர்ந்தாள். “கண்டாக்கய்யா, அந்தம்மா என்னாத்த வாசிச்சுப்புட்டு இப்புடிப் பதறுறாங்க?”

ஜெயகாந்தன் தலையைச் சொறிந்தார். “இங்கிலீசுலயும் சிங்களத்துலயும் ஒண்ணுதான் போட்டிருக்கு. ‘இந்த நீர் குடிப்பதற்கு உகந்ததல்ல’ன்னு.”

“தமிழ்ல?”

“தமிழ்தான் ஒனக்கே வாசிக்கத் தெரியுமே.”

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘தண்ணீரை வீணாக்காதீர்கள்.’

“மத்த ரெண்டும் வர்றவங்களுக்கு நாகு,” என்றார் ஜெயகாந்தன், ஆறுதலாகத்தான். “நமக்கு எழுதினது இதுதான்.”

குடம் நிறைந்து வழிந்தது. அதை அப்படியே கவிழ்த்துவிடத்தான் அவளுக்குத் தோன்றியது. வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆகவே, ஆந்தமலைத் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று கம்பெனிக்குத் தெரியாது என யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், அது வீண்பழி. கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மொழியில் தெரியும்.